ரோதைக்குளத்தில் குதிரைக்கும் ஓர் இடம்

நான் இங்கே எழுதப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ரோதமுனி மேல் சத்தியம், நமுனுகுல மலையின் ஒவ்வொரு முகட்டின் மேலும் தனித்தனியாகச் சத்தியம். பொய்யென்றால் என் வாயிலுள்ள பல்லெல்லாம் இன்றைக்கே கொட்டிப்போகட்டும். அவை பதுளையில் காசு கொடுத்துக் கட்டிய பற்கள் என்பதைச் சாமி பெரிதுபடுத்தாது என்று நம்புகிறேன்.

போன மாசியில் ஒருநாள் காலை, பனி குளத்தை விட்டு இன்னும் எழும்பாத நேரத்தில், என் மருமகள் கம்சலா தன் பழைய வொயில் சேலை ஒன்றைக் கரைப்புல்லில் விரித்துப்போட்டு இடம் அளந்துகொண்டிருந்தாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். கூடாரத்துக்கு அரைச் சேலை, சமையலுக்கு முக்கால் சேலை, குதிரைகள் நிற்பதற்கு முழுதாக இரண்டு சேலை. மனிதனைவிடக் குதிரைக்கா இடம் அதிகம் என்று கேட்டேன்.

"மனுசன் சுருண்டு படுத்துக்குவான் மாமா. குதிர நின்னுக்கிட்டே தூங்கும், முழிச்சா சுத்திச் சுத்தி நடக்கும். நான் பாத்திருக்கேன்ல."

பார்த்தது ஜோர்தானில். அங்கே அவள் வீட்டு வேலை செய்த குடும்பத்துக்குக் குதிரைகள் உண்டு. லீவு விட்டால் குதிரைகளோடு பாலைவனத்துக்குப் போய்க் கூடாரம் போடுவார்களாம். சமைக்க இவளையும் கூட்டிப்போவார்களாம். அங்கே போய் இறங்கியதும் முதலில் குதிரைக்கு இடம் பார்ப்பார்கள், பிறகு தண்ணீர், அதற்குப் பிறகுதான் மனிதர்கள், எல்லோருக்கும் கடைசியில் கம்சலா. தை மாதம் ஊருக்கு வந்தவள், தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் காலை வைத்தபோது, அவள் மகள் விதுஷா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "தாத்தா, இவங்க எத்தன நாளைக்கு இருப்பாங்க?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். லயத்தில் மெதுவாகப் பேசினாலும் மூன்று வீட்டுக்குக் கேட்கும். கம்சலாவுக்குக் கேட்காமல் இருக்குமா? அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். தண்ணீர் கேட்டாள். குடித்து முடித்துவிட்டு இந்தக் குதிரை யோசனையைச் சொன்னாள்.

"எல்ல டவுனச் சுத்தி வெள்ளக்காரனுக்குக் கூடாரம் போடாத மேடு பாக்கியில்ல மாமா. ஆனா குதிரையோட வந்து தங்குற எடம்னு ஒண்ணு இல்ல. நம்ம கொளத்தடியில செஞ்சு காட்டுறேன். சரிவந்தா நான் திரும்பப் போக மாட்டேன். சரிவரலன்னா சித்திர முடிய பிளேன் ஏறிருவேன். ஏஜென்சிக்காரன் டிக்கட்டோட காத்துக்கிட்டிருக்கான்."

அவள் புருஷன், என் மகன் ரமேஸ், கொழும்பில் கொத்துரொட்டி போடுகிறான். ஃபோனில் அவனிடம் அபிப்பிராயம் கேட்டோம். தகடு தட்டுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டான். ஆகவே குடும்பம் ஒருமனதாகச் சம்மதித்தது. தோட்டத்துத் துரையைச் சம்மதிக்கவைத்தது என் கரமல் புடிங். வாழ்நாள் முழுக்கப் பங்களாவில் சமைத்தவன் நான். தோட்டத்தில் எல்லோருக்கும் இன்றைக்கும் நான் பங்களா அப்புதான். துரை வேண்டாமென்று சொல்வதற்காக வாயைத் திறந்தார். நான் புடிங்கை வைத்தேன்.

குளத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தக் காலத்து வெள்ளைக்காரன் ஃபேக்டரிச் சக்கரத்தைச் சுழற்றுவதற்காக வெட்டிய குளம். அந்தச் சக்கரத்தைத்தான் எங்கள் ஆட்கள் ரோதை என்பார்கள். ரோதை யாரையும் இழுத்து அரைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள அணைக்கட்டின் மேலேயே ஒரு முனியைக் குடியேற்றினார்கள். பிறகு கரண்ட் வந்தது. ரோதை நின்றது. பழைய இரும்புக்காரன் அதை வெட்டி லொறியில் ஏற்றிக்கொண்டு போனான். முனியை மட்டும் யாரும் ஏற்றவில்லை. வேலைபோன சாமி, சேமலாப நிதியும் கிடையாது, பென்ஷனும் கிடையாது. கொஞ்சம் கோபமாக இருப்பதில் ஆச்சரியமில்லை. கோவிலடியில் சிமெந்தில் ஒரு குதிரை நிற்கிறது. கட்டிய மேசன் ஜென்மத்தில் குதிரையைக் கண்டதில்லை, அதனால் அதற்கு மாட்டு வாயும் கணக்கப்பிள்ளையின் கண்ணும். முதுகில் ஆள் இல்லை. முனி ரோதையைப் பார்க்க இறங்கியவர், திரும்ப ஏறவே இல்லை என்பது கதை.

கம்சலா எதையும் விடாமல் யோசித்தாள். தண்ணீர் ஓரத்தில் குதிரை நிற்கக்கூடாது, குளம்பு ஊறிப்போகும். சாணி வாடை கூடாரத்துப் பக்கம் அடிக்கக்கூடாது, அதனால் காற்றுக்குக் கீழே கட்டவேண்டும். மானாப்புல்லைக் குதிரை தின்னாது. கினிப்புல் அறுத்து வைக்கவேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே சந்தேகத்தை நானும் கேட்டேன்: "அட்டை?"

"காலுல ஏறுனா பரவால்ல மாமா. மூக்குக்குள்ள ஏறிரும். உப்புத்தண்ணி கிட்டவே இருக்கணும்."

"வர்ற வெள்ளக்காரனுக்கு?"

"அவனுக்கு அவன் மூக்கு, அவன் பாத்துக்குவான்."

நிலத்தில் முளையடித்துக் கயிற்றைக் கட்டினால் குதிரை காலில் சிக்கிக்கொள்ளும். இரண்டு மரத்துக்கு நடுவில் நெஞ்சுக்கு மேலே இழுத்துக் கட்டவேண்டும் என்றாள். குளத்தைச் சுற்றிலும் தேடினோம். அந்த அளவுக்குத் தோதாக, அந்தக் காற்றுக்குத் தோதாக நின்றவை இரண்டே சவுக்கு மரங்கள். இரண்டும் ரோதமுனி கோவிலுக்கு நேர் எதிரே.

பூசாரி கந்தப்பன் என் சோட்டாள், என் வயதுதான். மலையிலே புல்லு வெட்டப் போகிறவன், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பூசாரி. மரத்தையும் பார்த்தான், கோவிலையும் பார்த்தான், கம்சலாவிடம் திரும்பினான்.

"அவரு வாசல்ல கட்டுறதுன்னா ஒரு வார்த்த கேட்டுட்டுக் கட்டணும் ஆத்தா. குதிர வர்ற அன்னைக்கே நான் வந்து கேட்டுத் தாறேன்."

"நல்லபடியா நடக்கணும்னு கேளுங்க சித்தப்பா."

"நல்லபடியாத்தான் கேப்பேன். எனக்குக் கெட்டபடியா கேக்கத் தெரியாது."

சித்திரை விடுமுறைக்கு எங்கள் முதல் விருந்தாளிகள் வந்தார்கள். ஹொலண்டுக்காரத் தம்பதி. புருஷன் எங்கள் காம்பராவுக்குள் நுழையும்போது நெற்றியை இடித்தான், வெளியே வரும்போது பிடரியை இடித்தான், இரண்டுக்கும் நன்றி சொன்னான். அவர்களுக்கு முன்பே நுவரெலியாவிலிருந்து குதிரைக்காரன் அஷ்பாக் சின்ன லொறியில் இரண்டு மட்டக்குதிரைகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தான். ஒன்று ராணி. மற்றது ரொக்கட். ரொக்கட் ஒரு காலத்தில் ரேசில் ஓடியதாம்.

"ஜெயிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"எல்லாக் குதிரயும் வந்து சேந்த பொறகு, ஆறுதலா வரும் அப்பு ஐயா. விழுந்ததில்ல. அதான் இதுட கெட்டித்தனம்."

அந்த நிதானம்தான் உல்லாசப் பயணிகளுக்கு வேண்டியது என்றாள் கம்சலா. இரண்டுக்கும் சேணம் போட்டுச் சவுக்கு மரத்துக் கயிற்றில் கட்டியாயிற்று. கூடாரம் எழும்பியாயிற்று. ஹொலண்டுக்காரி குளத்தையும் குதிரையையும் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். கம்சலாவின் முகத்தில் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். விதுஷா என் முதுகை விட்டு வெளியே வந்து, ராணிக்கு ஒரு பிடி புல் நீட்டினாள்.

அப்போதுதான் கந்தப்பன் வேப்பிலையும் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரும் கொண்டுவந்தான்.

அவன் மேல் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் தோட்டத்தில் புது லொறி வந்தால் மஞ்சள் தண்ணீர் தெளிப்போம், புது மெஷின் வந்தால் தெளிப்போம், ஒருமுறை புதுத் துரை மேலேயே தெளித்தோம். கண்ணூறு படக்கூடாது என்று தெளிப்பது. அந்தப் பழக்கத்தில், முனிக்கு விளக்குக் காட்டிவிட்டு, வேப்பிலையைக் குடத்தில் தோய்த்து ராணி மேல் ஒரு வீசு வீசினான். ராணி கண்ணை மூடிக்கொண்டது. ரொக்கட் மேல் ஒரு வீசு வீசினான். ரொக்கட் காதை ஆட்டியது. பிறகு தலையிலிருந்து வால்வரைக்கும், சேணம் கிலுகிலுக்க, உடம்பு முழுவதையும் ஒரு துலுக்குத் துலுக்கியது.

கந்தப்பன் கையிலிருந்த வேப்பிலை கீழே விழுந்தது.

முனி கோவிலில் ஆடு நேர்ந்துவிடுகிறவர்களுக்கு இது தெரியும். ஆட்டை வாசலில் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். ஆடு சும்மா நின்றால் சாமிக்குச் சம்மதமில்லை. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கவேண்டும். உடம்பைத் துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். அந்த நிமிஷத்திலிருந்து அது அவருடையது. கோவில் எல்லைக்கல்லைத் தாண்டி வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. லொறி துலுக்காது, மெஷின் துலுக்காது, துரைகூட முகத்தைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். குதிரைக்கும் உடம்பு இருக்கிறது என்பதைக் கந்தப்பன் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

"துலுக்கிருச்சு அப்பு," என்றான்.

"என்ன துலுக்கின?" என்றான் அஷ்பாக். சொன்னோம். அவன் எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தான். "தண்ணி அடிச்சா குதிர ஒதறும் தானே! பைப்ல கழுவினாலும் ஒதறும். அப்பிடிப் பாத்தா எங்கட ரேஸ்கோர்ஸ் முழுக்க ஒங்கட சாமிட குதிர தான்!"

"ரேஸ்கோர்ஸ்ல முனி இல்ல தம்பி," என்றான் கந்தப்பன். "இங்க இருக்காரு."

கம்சலா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "சத்தம் போடாதீங்க. அவங்க பாத்துக்கிட்டிருக்காங்க. நாளைக்குப் பேசிக்குவோம்."

நாளை வரைக்கும் போகவில்லை. பின்னேரப் பனி மலையிலிருந்து இறங்கியது. எங்கள் பக்கத்துப் பனி, வந்தால் வந்ததுதான். முதலில் அக்கரையைத் தின்றது, பிறகு குளத்தை, பிறகு அணைக்கட்டை. பறவைச் சத்தம் நின்றது. கூடாரத்துக்கு முன்னால் அடுப்பில் நான் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். தோல் முறுகுகிற சத்தம் கேட்டது. சேணத்தில் ஓர் ஆள் ஏறி உட்காரும்போது வருகிற சத்தம். திரும்பிப் பார்த்தால், ரொக்கட்டின் முதுகு தாழ்ந்து பின் நிமிர்ந்தது. சேணத்தில் தொங்கிக்கொண்டிருந்த, கால் வைக்கிற வளையங்கள் இரண்டும் இறுகி நேராக நின்றன. கட்டியிருந்த கயிறு அவிழவில்லை, அறவும் இல்லை. ஆனால் அது மரத்தில் இருந்தது, ரொக்கட் அதில் இல்லை. தலையை நிமிர்த்தி, ரேசில் ஒருபோதும் நடக்காத நடை நடந்து, அணைக்கட்டு வழியாகப் பனிக்குள் போனது.

பிறகு அந்தச் சத்தம். அதை நான் சின்ன வயதில் கேட்டதோடு சரி. தண்ணீர் வாளி வாளியாகக் கொட்டுகிற சத்தமும், அதற்கடியில் மரமும் இரும்பும் முனகுகிற சத்தமும். ரோதை சுற்றுகிறது. காலடி நிலம் இலேசாக அதிர்ந்தது. சூப்பில் வட்டம் வட்டமாக அலை எழும்பியது. சிமெந்துக் குதிரையைத் திரும்பிப் பார்த்தேன். அதன் முகத்தில், தன் வேலைக்கு வேறொருவனை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டவனின் பார்வை.

ஹொலண்டுக்காரி எழுந்து நின்று கை தட்டினாள். இதையும் நாங்கள்தான் ஏற்பாடு செய்தோம் என்று நினைத்திருக்கிறாள். கம்சலாவிடம் என்னவோ கேட்டாள். கம்சலாவின் உதடு வெளுத்துப்போயிருந்தது.

"குதிரையில போறது யாருன்னு கேக்குறாங்க மாமா."

"சொந்தக்காரருன்னு சொல்லு."

சொன்னாள். அந்த அம்மா இன்னும் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"என்னவாம்?"

"அவரோட செவப்புத் தலப்பா ரொம்ப அழகா இருக்காம்."

நாங்கள் யாரும் எந்தத் தலைப்பாகையையும் பார்க்கவில்லை. வெறும் சேணத்தைத்தான் பார்த்தோம்.

சத்தம் நின்றபோது ரொக்கட் மறுபக்கத்திலிருந்து திரும்பி வந்தது, வயிறுவரை நனைந்து. அஷ்பாக் குனிந்து சேற்றைப் பார்த்தான், என்னையும் கூப்பிட்டுக் காட்டினான். போன குளம்படிகள் சேற்றின் மேல் பட்டும் படாமலும் இருந்தன. திரும்பி வந்த குளம்படிகள் சாண் ஆழம். எதையோ, யாரையோ, குளத்துக்குள்ளிருந்து கூட்டமாக ஏற்றிக்கொண்டு வந்ததுபோல.

அஷ்பாக் எழுந்து லொறியடிக்குப் போனான். லொறியின் பின்பலகையை இறக்கினான். ராணி தானாக ஏறிக்கொண்டது. ரொக்கட்டை அவன் இழுத்தான். எல்லைக்கல்வரை வந்தது, அங்கே நின்றது. நானும் கந்தப்பனும் சேர்ந்து இழுத்தோம். ஹொலண்டுக்காரன் பின்னாலிருந்து தள்ளினான், அதற்கும் நன்றி சொன்னான். மலையை இழுத்திருந்தால் ஓர் அங்குலமாவது வந்திருக்கும். அஷ்பாக் கல்லுக்கு அப்பால் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"தங்கச்சி, இத வெச்சுத்தான் எண்ட ஊட்டுல அடுப்பு எரியுது. இது இல்லாம நான் ஊருக்குப் போகேலா. இந்தக் கதய அங்க சொன்னா, இனி ஒருத்தனும் ஒங்கட கொளத்துக்குக் குதிர அனுப்பவும் மாட்டான்."

கம்சலாவுக்கு அது புரியாமலா இருக்கும்? குதிரை இல்லையென்றால் அது எல்லயில் கிடக்கிற நூறு கூடாரத்தோடு நூற்றொன்றாவது கூடாரம். அவள் விதுஷாவைப் பார்த்தாள். பிறகு கந்தப்பனிடம் திரும்பினாள்.

"சித்தப்பா, மாத்துக் குடுக்க ஏலும்தானே? ஆட்டுக்கு மாத்தா கோழி குடுக்கிறீங்க."

கந்தப்பன் முனியைத் திரும்பிப் பார்த்தான். "அவருக்குக் குதிர எதுக்கு ஆத்தா? ரோதையும் போச்சு. லயத்துல பாதி ஆளும் போயிருச்சு, ஒருத்தன் கொழும்புக்கு, ஒருத்தி குவைத்துக்கு. அவரு மட்டும் தனியா நிக்கிறாரு. இங்கயே இருக்கேன், எங்கயும் போக மாட்டேன்னு ஒரு ஆளு சொன்னா, குதிரய விட்டுருவாரு. ஆனா சும்மா வாயால சொன்னா ஏத்துக்க மாட்டாரு. ஆட்டுக்குச் செய்ற மாதிரியேதான். தண்ணிய ஊத்துவேன். ஒடம்பு துலுக்கணும்."

"நான் இருக்கேன்டா," என்றேன்.

"நீ எத்தன நாளைக்கு, அப்பு?" என்றான். நியாயமான கேள்விதான்.

கம்சலா அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். வாசலுக்கு நேரே போய் நின்றாள். சாமியிடம் பேசுவதுபோல் அவள் பேசவில்லை. வேலைக்குச் சேர வந்தவள் கங்காணியிடம் பேசுவதுபோல், நேராகப் பேசினாள். "நான் இருக்கேன் சாமி. கடல் தாண்ட மாட்டேன். எம்புள்ளயோட இந்தக் கொளத்தடியிலயே கெடக்கேன். குதிரய விட்டுரு."

நல்ல வியாபாரம் என்று நினைத்தேன். அவள் எதற்காக இத்தனை பாடு பட்டாளோ, அதையே அபராதமாகக் கேட்கிறார் சாமி. துலுக்காமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. காற்றும் எங்கள் கட்சிதான். குளத்தின் மேல் வழித்துக்கொண்டு வருகிற பின்னேரக் காற்று, ஸ்வெட்டருக்குள் புகுந்து எலும்பை எண்ணிப் பார்க்கிற காற்று. கந்தப்பன் குடத்தோடு தூக்கி அவள் உச்சியில் ஊற்றினான். மிச்சமில்லாமல் ஊற்றினான்.

மஞ்சள் தண்ணீர் அவள் தலைமுடி வழியாக, கழுத்து வழியாக, விரல்நுனி வழியாக இறங்கியது. நாங்கள் காத்திருந்தோம். நனையாத கந்தப்பன் நடுங்கினான். கம்பளி போர்த்திய ஹொலண்டுக்காரிக்குப் பல் கிடுகிடுத்தது. கல்லுக்கு அப்பால் அஷ்பாக் நடுங்கினான். எல்லைக்கல்லடியில் ரொக்கட் இன்னொரு தரம் தன் உடம்பை உலுக்கியது. விதுஷா துவாயைக் கையில் பிடித்துக்கொண்டு, "அம்மா, குளிருதா?" என்று கேட்டாள். அவள் "அம்மா" என்றது அதுதான் முதல் தடவை.

கம்சலா அசையவில்லை. அவள் தோளில் ஒரு மயிர்கூடச் சிலிர்க்கவில்லை. வாயிலிருந்து எங்கள் எல்லோருக்கும் புகை வந்தது. அவள் வாயிலிருந்து வரவில்லை. தண்ணீர் சொட்டிக்கொண்டேயிருந்தது, அவள் முனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பனி அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் வந்தது, துவாயை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

துலுக்குவதற்கு உடம்பு இங்கே இருக்கவேண்டும். கம்சலா ஜோர்தானுக்குப் போனது விதுஷா தவழ்ந்துகொண்டிருந்த வருஷம். அன்றிலிருந்து இன்றுவரை அவள் ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பி வந்ததில்லை.